முழுநேரப் படிப்பு

எனக்குக் காபியில் அரைக் கரண்டி சர்க்கரை போதும். எதையும் வீணாக்கப் பிடிக்காது. வரி விஷயத்திலும் நான் அப்படித்தான்.

திருத்தணியில் அரசு உத்தியோகம். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் காட்டினால் வருமான வரியில் கழிவு உண்டு. என் மகள் மோனிஷா பட்டம் வாங்கும்வரை ஒரு வருடம்கூட நான் அதைத் தவறவிட்டதில்லை. முடித்த கையோடு சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது.

"நைனா, டெய்லி ட்ரெயின்ல வேலைக்குப் போய்க்கினே எம்.ஏ.வை அஞ்சல்ல படிச்சிக்கிறேன்" என்றாள். குழந்தைக்குச் சட்டம் தெரியாது. முழுநேரப் படிப்புக்குத்தான் கழிவு. அஞ்சல் வழிக்குக் கிடையாது.

"கழிவு கிடைக்கும்னு ஃபீஸ் கட்ற ஒரே ஆளு நீதான்யா" என்று ஆபீசில் வேதாசலம் சிரித்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. பொறாமை இருக்கத்தானே செய்யும்.

வீட்டில் பேச்சு முற்றியது. மலைக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் என் மனைவி ஹேமாவதி. வெள்ளை வந்தால் கல்லூரி, சிவப்பு வந்தால் வேலை. மோனிஷாவும் ஒப்புக்கொண்டாள். சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு அவளே ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை அரளி. படி இறங்கும்போது அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"முருகனே சொல்லிட்டாரு, இன்னாத்துக்குடி அழுதுகினு வர?" என்றாள் ஹேமாவதி.

பொட்டலம் மடித்தவன் நான். இரண்டிலும் வெள்ளைதான். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நம் ஜனங்களின் பக்தி அப்படி.

முதல் வருடம் முடிந்துவிட்டது. படிப்பு அவளுக்குப் பிடித்துப்போய், மேலே ஆராய்ச்சி வரை போகவேண்டும் என்கிறாள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த வருடம் புதிய வரி முறைக்கு மாறுவதுதான் எனக்கு லாபம். அதில் கட்டணக் கழிவே கிடையாது. ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு வரன் பார்க்கிறேன்.

நகரியில் நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு மட்டும் வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டுமாம். பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க எனக்கு மனம் வராது. வேலைக்குப் போகிற ஆசை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்ததில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.