ஒண்ணுக்குப் போனதற்கு நேர்த்திக்கடன்

அறுபதுகளில் ஒரு சாரல் நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் மடியில் மூன்று தேங்காய்.

"என்ன நேர்த்திக்கடன்?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"எங்க வீட்டுக்காரவுக ஒண்ணுக்குப் போனதுக்கு."

"என்னது!"

"கிட்னியில கல்லு பாக்கணும்னு ஊசியில மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்தாவ. படம் தெளிவா விழணும்னு முந்தின ராத்திரியிலேருந்து தண்ணியே குடுக்கல. சக்கர வியாதி வேற. மருந்து கிட்னிய முடக்கிட்டு. ரெண்டு நாளா ஒரு சொட்டு இல்ல. டாக்டரே பயந்துட்டாவ. மூணாம் நாள் போனாவ பாருங்க, நர்ஸம்மா போத்தலத் தூக்கிட்டு டாக்டர்ட்ட ஓடுதாவ! நான் ரெண்டு பேரையும் கும்பிட்டு அழுதுட்டேன்."

மேலகரம் தாண்டியதும், பின்சீட்டிலிருந்த அந்த அம்மாளின் கணவர் கூச்சத்தோடு எழுந்து சுண்டுவிரலைக் காட்டினார்.

தென்காசியிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டு வந்தாலும், முன்சீட்டுக் கதையைக் கேட்டிருந்த கண்டக்டர் உடனே விசில் ஊதினார்.

"மெதுவாப் போய்ட்டு வாங்க, அண்ணாச்சி. வண்டி நிக்கும்."