வலது காலின் இரண்டாம் விரல் குறித்து

நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். வயது முப்பத்தாறு. தொழிற்சாலைக்குப் பின்தெருவில், தையல் கடைக்கு மேல் மாடியில், கணவருடனும் நாத்தனாருடனும் வசிக்கிறேன். நாத்தனாருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை.

சென்ற பிப்ரவரி நான்காம் தேதி காலை பத்தரை மணியளவில், அட்டையை உள்ளே தள்ளும்போது பிரஸ் இறங்கி, என் வலது கைக் கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. விரலைத் துணியில் சுற்றி மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். திரும்ப ஒட்டவைக்க முடியாத அளவுக்கு நசுங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு, புண் ஆறியதும் கால்விரல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலாக வைக்கலாம் என்று கை அறுவை மருத்துவர் சொன்னார்.

அவர் என் இரண்டு பாதங்களிலும் பேனா போன்ற ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டார். எனக்கும் கேட்டது. நாய் மூச்சிரைப்பதுபோல் இருந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு ரத்தக்குழாய் வருகிறது என்றும், அது சிலருக்கு மேலாகவும் சிலருக்கு எலும்புக்கு அடியில் ஆழமாகவும் ஓடும் என்றும், எனக்கு இடது காலில் மேல்குழாய் நூலாக மெலிந்திருப்பதால் வலது காலின் இரண்டாம் விரலை எடுப்பதாகவும் சொன்னார். “விரலைவிடக் குழாய்தாம்மா முக்கியம். தண்ணி வராத வீட்டுக்கு யாராவது குடிவருவாங்களா?” என்றார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஒன்பது மணி நேரம் அறுவை நடந்தது. அதன் பிறகு என்னைத் தனி அறையில் வைத்து, குளிர்ந்தால் குழாய் சுருங்கும் என்று ஏசியை நிறுத்திவிட்டு, மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து விரலின் நிறமும் சூடும் பார்த்தார்.

நான்காம் தேதி காலை பதினோரு மணிக்கு, கணவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, எங்கள் சூப்பர்வைசர் வந்தார். புழுங்குகிறது என்று ஏசியைப் போட்டார். வேண்டாம் என்றேன். “அஞ்சு நிமிஷம்தானே” என்றார். அதன் பிறகு, மெஷினின் பாதுகாப்புத் தகட்டை நானாகவே கழற்றினேன் என்று எழுதிய தாளை நீட்டி, இடது கை ரேகை வைக்கச் சொன்னார். மறுத்தேன். இடது கையைப் பிடித்து மையில் அழுத்தினார். நான் இழுத்துக்கொண்டதில் படுக்கை விரிப்பெல்லாம் மை. இப்படி அரை மணி நேரம் போனது.

நர்ஸ் வந்து நகத்தை அழுத்திப் பார்த்தார். நிறம் திரும்பவில்லை. விரல் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “ஏசிய யார் போட்டது?” என்று கத்தினார். சூப்பர்வைசர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு விரலில் உணர்ச்சி வந்திருக்காததால் வலி தெரியவில்லை. அதன் பிறகு மறுபடியும் அறுவை அறைக்குக் கொண்டுபோய், மணிக்கட்டில் குழாய் தைத்த இடத்தில் உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். விரல் பிழைத்தது. குளிரால்தான் உறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஆகவே நானும் அப்படிச் சொல்லவில்லை.

தகட்டைக் கழற்றியது என் கைதான். ஜனவரி கடைசியில், வேலை மந்தமாக நடக்கிறது என்று கழற்றச் சொன்னவர் சூப்பர்வைசர். நான் மறுத்துப் பேசவில்லை. ஸ்பேனரை அவர் எடுத்துக் கொடுத்தார்.

இன்று காலைவரை அந்த மெஷினில் தகடு மாட்டப்படவில்லை. இப்போது அதை ஓட்டுவது என் நாத்தனார். நேற்று அவள் அழுதாள். “அண்ணி, வாய மூடிட்டு இருங்க. என் வேலை போயிடும். உங்களுக்குத்தான் விரல் வந்துடுச்சே” என்றாள். அவளுக்கு இரண்டு கட்டைவிரலும் இருக்கின்றன. அதனால்தான் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு வந்தேன்.

நான் சொன்னதை எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. எவர் தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், எனக்குத் தெரிந்த உண்மையை மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம், வலது கையால்)