அப்பா வரிசை, அம்மா வரிசை

— உங்க மிஷின்தான் தப்பு. திரும்பப் போட்டுப் பாரும்மா.

— ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்மா. உங்க கிட்னி உங்க மருமகளுக்குச் சேராது. அவங்க ரத்தத்தையும் உங்க அணுக்களையும் ஒண்ணா விட்டதுமே சண்டை ஆரம்பிச்சிடுது.

— அத்தை, கிளம்பலாம். நான் முதல்லயே சொன்னேன். எனக்கு உங்க கிட்னியும் வேணாம், இந்தப் பேச்சும் வேணாம்.

— நீ சும்மா இரு. பத்து வருஷமா நாம பேசிக்கல. இன்னும் பத்து வருஷம் பேசாமலே இருந்துக்கலாம். அதுக்கு நீ உயிரோட இருக்கணும்ல?

— தேடி வந்து உதவி பண்ணி, என்னைக் குனிய வைக்கலாம்னு பாக்கறீங்க.

— உன்னைக் குனிய வச்சு எனக்கு என்னடி ஆகப்போகுது? எனக்கு இருக்கறது ஒரே பேத்தி. ஏழு வயசு. அம்மா இல்லாம வளர்றதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. ஏம்மா லேப்காரம்மா, தெரியாமத்தான் கேக்கறேன், போன மாசம் என் பையன்கிட்ட ஏதோ வரிசைன்னு சொன்னது நீதானே?

— நான்தான்மா.

— அதை எனக்கும் முதல்லேர்ந்து சொல்லு. எங்க இடிக்குதுன்னு நான் கண்டுபிடிக்கறேன். முப்பது வருஷம் மில் கேட்டுல பை செக் பண்ணவ நான்.

— அப்ப உங்களுக்குச் சட்டுனு புரியும். பாருங்க, உடம்புல கிட்டத்தட்ட எல்லா அணுவும், தனக்குள்ள என்ன இருக்குன்னு துண்டு துண்டா எடுத்து வெளிய காட்டிக்கிட்டே இருக்கும்.

— பையைப் பிரிச்சுக் காட்டற மாதிரி.

— அதேதான். காவல் அணுக்கள் சுத்தி வந்து பாக்கும். நம்ம சரக்குன்னா விட்டுடும். கிருமியோட துண்டு கண்ணுல பட்டா அந்த அணுவையே தீர்த்துடும். இது முதல் வகை. ரெண்டாவது வகை, காவல்ல இருக்கற சில அணுக்களே வெளிய திரியறதை விழுங்கி, ஒரு துண்டை மத்த காவலுக்குத் தூக்கிக் காட்டும். 'இது சுத்திக்கிட்டு இருக்கு, உஷாரு'ன்னு.

— காட்டறது எதுல வச்சு?

— நல்லா கேட்டீங்க. ஒரு தட்டுன்னு வச்சுக்குங்க. அந்தத் தட்டுதான் விஷயமே. ஆளுக்கு ஆள் மாறும். அதைத்தான் நாங்க வகை பிரிச்சு, நம்பர் போட்டு எழுதறோம். அப்பாகிட்டேர்ந்து ஒரு வரிசைத் தட்டு, அம்மாகிட்டேர்ந்து ஒரு வரிசைத் தட்டு. வேற ஒருத்தர் கிட்னியை வச்சா, துண்டை விடுங்க, தட்டே அந்நியம்.

— சரி. என் பையன்கிட்ட என் வரிசை ஒண்ணு, அவங்கப்பா வரிசை ஒண்ணு.

— ஆமா. அதுல ஒண்ணுதான் குழந்தைக்குப் போகும். உங்க பேத்திக்குப் போனது தாத்தா வரிசை. அவ வயித்துல இருந்தப்போ இந்த அக்கா உடம்பு அதைப் பாத்து, 'இது என்னுது இல்ல'ன்னு குறிச்சு வச்சுக்கிச்சு. அந்த எதிர்ப்பு ரத்தத்துல இன்னும் இருக்கு. அதனாலதான் உங்க பையன் கிட்னி ஆகாதுன்னோம்.

— அப்ப என் வரிசையை இவ உடம்பு பாத்ததே இல்லையே! அந்தத் தைரியத்துலதானே பஸ் ஏறி வந்தேன்.

— நானும் அப்படித்தான்மா நெனச்சேன். ஆனா உங்ககிட்ட இருக்கற ரெண்டு வரிசையில, பையனுக்கு எதைக் குடுத்தீங்களோ, அதைத்தான் அவங்க ரத்தம் எதிர்க்குது. இன்னொண்ணைத் தொடவே இல்ல.

— பாக்காத ஒண்ணை எப்படி எதிர்க்கும்?

— வந்து... சில பேருக்கு ரத்தம் ஏத்தியிருந்தா...

— எனக்கு ஏத்தினதில்ல. ஃபார்ம்லயே எழுதியிருக்கேன்.

— தெரியும்க்கா. இதுக்கு மேல உங்க சொந்த விஷயம். நான் வாயைத் திறக்கக் கூடாது.

— என்னடி ரெண்டு பேரும் ஜாடை பேசறீங்க?

— அம்மா, வேற வழி ஒண்ணு இருக்கு, அதைக் கேளுங்க. உங்களை மாதிரியே பொருந்தாம தவிக்கற குடும்பங்க பட்டியல்ல இருக்காங்க. உங்க கிட்னி அவங்கள்ல ஒருத்தருக்குச் சேரும்னா, அவங்க வீட்டு ஆளோடது அக்காவுக்குச் சேரும்னா, மாத்திக்கலாம்.

— அவங்க யாரு?

— சொல்ல மாட்டாங்க.

— சொல்ல வேணாம். என் பேரை எழுது.

— அத்தை, நான் இதுக்குச் சம்மதிக்கல!

— உன் சம்மதத்தை யாரு கேட்டா? என் கிட்னி, யாருக்கு வேணா குடுப்பேன். உனக்கா குடுக்கறேன்? முன்னப்பின்ன தெரியாத யாருக்கோ குடுக்கறேன். உனக்கும் யாரோ ஒருத்தர் குடுக்கப்போறாங்க. நீ என் முன்னாடி நிமிந்தே நடக்கலாம், போதுமா?

— பிடிவாதத்துல உங்களை மிஞ்ச ஆளே இல்ல.

— ஏன் இல்லாம? எனக்கு எதிர்லயே உக்காந்திருக்கா. கையெழுத்து எங்கம்மா போடணும்?

— இங்க, அப்புறம் பின்பக்கம். அக்கா, கீழ நீங்களும் போடணும்.

— குடுங்க. வாரத்துக்கு மூணு நாள் அந்த டயாலிசிஸ் மிஷின்ல கிடந்து எனக்கும் அலுத்துப் போச்சு. போடறது என் பொண்ணுக்காக, உங்களுக்காக இல்ல.

— யாருக்காகவோ போடு. ... ஆச்சா? இப்பச் சொல்லு. என் வரிசையை உன் உடம்பு எங்க பாத்துச்சு?

— விடுங்க அத்தை.

— விட மாட்டேன். என்கிட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம யாரும் தப்பிச்சுப் போனதில்ல.

— நான் வேணா வெளிய நிக்கட்டுமாக்கா?

— இருங்க. உங்களுக்குத்தான் ரிப்போர்ட்டைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சே. அத்தை, எங்க கல்யாணம் முடிஞ்சு அஞ்சாவது மாசம் உங்க வீட்டுக்கு வந்தோம், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. ஜன்னல் வழியா பாத்தேன். கதவைத் திறக்கல. அதை நான் யார்கிட்டயும் மறைச்சதில்ல. என்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க, ரெண்டு பேரும் நில்லுங்கடான்னு விட்டுட்டேன்.

— ரெண்டு பேர் இல்ல அத்தை. என் வயித்துல தங்காமப் போன முதல் பிள்ளையோட சேத்து மூணு பேர்.