கூடத்து வைஃபை பெட்டி

எங்கள் வீட்டுக் காப்பி கொஞ்சம் திக்காகத்தான் இருக்கும், சார். பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கூடத்தில் இருக்கிற இந்த வைஃபை பெட்டி என் வீட்டுக்காரர் பேரில் வாங்கியது. கொழுந்தன் கதிருக்குப் பக்கத்து வீடு, ஒரே காம்பவுண்ட். ஆளுக்கொரு லைன் எதற்கென்று சுவருக்கு மேல் ஒயரைப் போட்டு, அவன் கம்ப்யூட்டர், டிவி, பின்னால் இருக்கிற கோழிப்பண்ணை எல்லாவற்றையும் இதிலேயே சேர்த்துக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தமென்றால் அனுசரித்துத்தானே போக வேண்டும்.

என் மகள் அறிவுமதி நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வருடம் சீட் கையருகே வந்து நழுவிவிட்டது. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுதுவாள். பாதியில் திரை சுற்றிக்கொண்டே நின்றால் பிள்ளை அழுதுவிடுவாள். பெற்றவளுக்கு அது பொறுக்குமா? லைன் போட வந்தவர், எது எது ஓடுகிறதென்று என் போனிலேயே பார்க்கவும், வேண்டாததை நிறுத்தவும் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் கதிர் வீட்டு டிவியை நிறுத்தினேன்.

"அண்ணி, நெட்டு வரலீங்களே?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பான்.

"இங்கயும் அப்படித்தான் சாமி இருக்குது," என்பேன். தேர்வு முடிந்ததும் திறந்துவிடுவேன். யாருக்கு என்ன நட்டம்?

அந்தச் சித்திரை மதியம் கதிர் குடும்பத்தோடு திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். பாப்பாவுக்கு முழு மாதிரித் தேர்வு. டிவி ஓடவில்லை, அப்படியும் திரை சுற்றியது. போனில் 'ஷெட்' என்று ஒரு பெயர் மட்டும் மிச்சம். அது என்னவென்றே தெரியாது என்று நேற்று நீங்கள் விசாரிக்க வந்தபோது சொன்னேன். தெரியும், சார். கதிரே காட்டியிருக்கிறான். "நாலு பக்கமும் அடைச்ச ஷெட்டுங்க அண்ணி. ஃபேன் நின்னா கோழி தாங்காது. சூடு ஏறுனா, கரண்டு இல்லீன்னாலும் பேட்டரில ஓடுற இந்த ஷெட்டுப் பொட்டிதான் செங்கோடன் போனுக்கும் என் போனுக்கும் சேதி சொல்லும்."

நிறுத்தினேன். ஒரு பரீட்சை நேரம்தானே என்று நினைத்தேன்.

பண்ணைக்குக் கரண்ட் தனி லைன். அன்றைக்குப் பார்த்து அது போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் தீனி போட்டு முடித்து, சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தார். சேதி வந்தால் போன் கத்தும் என்கிற தைரியம். எழுந்து பார்த்தபோது கோழிகள் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. மிச்சத்தையாவது காப்பாற்றலாமென்று, காற்று வரப் பக்கவாட்டுத் தார்ப்பாயை இறக்க உள்ளே ஓடியவர், அந்தச் சூட்டில் அங்கேயே விழுந்துவிட்டார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

தின்றுவிட்டுத் தூங்கினான் என்று ஊரெல்லாம் பேசியது. பிணத்தை வைத்துக்கொண்டே கதிரும் அதையேதான் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன். அவர் சம்சாரம் அத்தாயிக்கு நான்தான் சோறு கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனைத் தலமாட்டுலயேதானுங்க வெச்சிருந்தாரு. அது கத்தவே இல்லீங்கக்கா," என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். பாவி நான். வேறென்ன சொல்ல?

ஆனால் ஒன்று, நான் நிறுத்தியது அந்த ஷெட் பெட்டியைத்தான். விசிறியை நான் நிறுத்தவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விசிறி நின்றது தெரியுமா என்று கேட்கிறீர்கள். இப்போதும் பாருங்கள், மிச்சக் கோழிக்கு ஓடுகிற இரைச்சல் இந்த ஜன்னல் வழியாகக் கேட்கிறது. பகலெல்லாம் அப்படித்தான். அன்றைக்கு அது சட்டென்று அடங்கியது. செங்கோடன் படுத்திருந்ததும் இங்கிருந்தே தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

பாப்பாகூட தலையைத் தூக்கி, "ஏம்மா, சத்தத்தையே காணமே?" என்றாள்.

"உனக்கு நல்லதுதான் சாமி, நிம்மதியா எழுது," என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.