கையால் எழுதிய நாற்பது வரிகள்

எனக்குக் கட்டம் போட்டுப் படம் வரைவது பிடிக்கும். ஒரு கட்டம், ஓர் அம்புக்குறி, அடுத்த கட்டம். மனதுக்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும்.

லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் நான் மென்பொருள் பிரிவுத் தலைவன். லிஃப்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படமாக வரைந்தால் போதும், நிரலை ஒரு கருவியே எழுதிவிடும். அந்த முறையை அங்கே கொண்டுவந்தவன் நான்தான். பாதி நாளில் வேலை முடியும், பிழை வராது, கையால் ஒரு வரி எழுத வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். நிரல் எழுதுவதில் மிச்சமான நாளையெல்லாம் படத்தைத் திருத்துவது தின்றுவிட்டது.

என் மனைவியின் தம்பியும் என் பிரிவில்தான் இருந்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். எதையும் இரண்டு முறை பார்க்கிறவன். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னான்.

"மாமா, கரண்ட் போய் வந்தா, லிஃப்ட் அந்த மாடியில நிக்குதான்னு பாக்காமலே கதவு திறக்குது. இதைப் படத்துல சொல்ல வழியே இல்ல. நாற்பது வரி கையால எழுதிச் சேர்த்திருக்கேன். டூலை மறுபடி ஓட்டினா அழிஞ்சிடும். ஓட்டுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

சரி என்றேன்.

வருட முடிவில் அறிக்கை கேட்டார்கள். எதிர்பார்த்த பயன் ஒரு பக்கம், கிடைத்த பயன் மறுபக்கம். நாளும் குறையவில்லை, பிழையும் குறையவில்லை. 'கையால் எழுதிய வரிகள்' என்ற இடத்திலாவது பூஜ்யம் போட ஆசைப்பட்டேன். சரிபார்க்க வெளியாள் வருவதாக இருந்தது. அன்று மைத்துனன் லீவு. கருவியை ஓட்டினேன். அவன் வரிகள் இருந்த பழைய பிரதியையும் நீக்கினேன். சோதனைகள் எல்லாம் பிழையில்லை என்று பச்சை காட்டின. அந்தச் சோதனைகளையும் அதே படத்திலிருந்து அதே கருவிதான் உண்டாக்கியது. வேலிக்கு ஓணான் சாட்சி.

வெளியாள் போனதும் மைத்துனனிடம் சொல்லித் திரும்பச் சேர்க்கலாம் என்றிருந்தேன். பாராட்டு வந்தது. பதவி உயர்வு வந்தது. அந்த நிரலே லிஃப்டுகளுக்கும் போனது. நாளை, நாளை என்று பதினோரு வாரம் ஓடிவிட்டது.

எங்கள் லிஃப்ட் ஓடும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கரண்ட் போய் வந்தது. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர், வாளி வண்டியை இழுத்தபடி பின்பக்கமாகக் காலை உள்ளே வைத்தார். உள்ளே லிஃப்ட் இல்லை.

விசாரணையில் மைத்துனன், "எழுதினேன்" என்றான். காட்டு என்றார்கள். காட்ட ஒன்றுமில்லை. என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இல்லை என்றேன். வழக்கு அவன்மேல் விழுந்தது.

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்றாள் மனைவி.

"பொய்யில்ல. மறந்திருப்பான்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

"மாமா, நிஜமாவே நான் எழுதலையோ? எழுதணும்னு நெனச்சு மறந்துட்டேனோ?"

"இருக்கலாம்டா. வேலை அதிகமா இருந்துச்சு."

தன் கைகளைப் பார்த்தான்.

"அப்போ அந்த அம்மாவைக் கொன்னது நான்தான் மாமா."

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். தெரிந்தே அழித்தவன் நான். பழி அவன்மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டவனும் நான். அவனுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.