கடைக்கோடியில் ஓய்வில்லாத ஆட்டம்

நான் சத்தமாகப் பேசுபவள் அல்ல. மைக் இருந்ததால் அதற்குத் தேவையும் வரவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இந்தச் சிற்றூரின் மண்டபத்தில், ஞாயிறு மதியங்களில், பத்தொன்பது வருடங்களாகக் காண்ட்ரா ஆட்டம் சொல்லித் தருகிறேன். இரண்டு நீள வரிசைகள் எதிரெதிரே நிற்கும். அடுத்து யார் கையைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல ஆடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் நகரும். கடைக்கோடியை அடைந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நிற்கும்.

அந்த ஒரு சுற்றுதான், வாராவாரம் ஆட வரும் ஓரின் தேயரின் உயிர். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

"கடைசியில நிக்கிறேன் பாரு, அதுதான் எனக்கு மருந்து. வெளிய சொல்லிடாத வெர்னா, தொட்டாலே உடைஞ்சிடுவேன்னு நினைச்சு எவளும் கூட ஆட மாட்டா."

நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில், எல்லோரும் உணவு கொண்டுவந்து பகிரும் மேசையில், ஓரின் தான் அவித்த மொச்சையை எனக்குப் பரிமாறியபடியே சொன்னார்:

"கோவிச்சுக்காத வெர்னா. உன் ஆட்டத்துல பாதிப் பேரு தொலைஞ்சு போறாங்க. கமிட்டில பேசிட்டோம். மார்ச்சுலேர்ந்து உன் இடத்துல லோயிஸ் ஆட்டம் சொல்லட்டும்."

"அடுத்த வாரம் புதுசா ஒண்ணு வைக்கிறேன், ஓரின். அது ஒண்ணு மட்டும்."

"வையேன். திசைகாட்டி எடுத்துட்டு வரணுமா?"

மேசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த வாரம் சமையலறைத் தரையில் உப்பு டப்பாக்களை வரிசையாக வைத்து நகர்த்திப் பார்த்தேன். கடைக்கோடி ஜோடியை மூலைவாட்டில் கை நீட்டி மறுபடி உள்ளே இழுக்கும் ஓர் அசைவு கிடைத்தது. அதில் யாரும் ஒரு சுற்றுகூடச் சும்மா நிற்க முடியாது. ஞாயிறன்று மூன்று முறை மெதுவாக நடத்திக் காட்டினேன். நாற்பது பேரில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை.

இசை தொடங்கியது. முதல் முறை கடைக்கோடிக்கு வந்ததும் ஓரின் நின்றார்.

"ஓரின், இடது கை," என்றேன்.

கொடுத்தார்.

அவர் விலகிப் போயிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஒருவர் விலகினால் வரிசையே குலைந்துவிடும். நடுவில் விலகுகிறவர்களைத் திட்டித் தீர்ப்பவர் அவர். எனக்கு அதுவும் தெரியும்.

வழக்கமாகப் பதினைந்து சுற்று. பதினைந்தாவதில் பிடில் வாசிக்கும் லூசியன் முடிக்கலாமா என்று புருவம் உயர்த்தினார். விரலைச் சுழற்றினேன்: இன்னொன்று. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டார். ஓரினின் உதடு நீலமாவதைப் பார்த்தபடியே விரலைச் சுழற்றினேன். இருபத்தாறாவது சுற்றில் விழுந்தார்; பிறகு எழவே இல்லை. லூசியனின் வில் நின்றுவிட்டது. இரண்டு அசைவுகளுக்கான நேரம் நான் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வீடு அமைதியானால் அந்தக் காலடிகள் கேட்கின்றன, எட்டு எட்டாக. என் உதடு அசைந்தால்தான் அவை நகர்கின்றன. அசைக்காமல் இருந்து பார்த்தேன். எல்லோரும் நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள். அதனால் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் ஆட்டத்தில் யாரும் தொலைய மாட்டார்கள் என்று காட்ட நினைத்தேன், அவ்வளவுதான். ஓரின்கூட, விழுகிற வரைக்கும், ஒரு காலடியும் தவறவில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லோயிஸிடமும் சொல்லுங்கள்.