ஏழு பேர் பரிசோதித்த போத்தல்

— ஆனபடியால், மிருணாளினி, கோயில் யாப்புச் சட்டம் பதினேழாம் பிரிவின்படி நிர்வாகசபை ஏகமனதாத் தீர்மானிச்சிருக்கு. கோயிலிலை மாலை கட்டுற பொறுப்பிலையிருந்து உங்களை இடைநிறுத்தி வைக்கிறம். இந்தாங்கோ கடிதம். கீழை தலைவர் தேவராஜா எண்டு என்ரை கையெழுத்து இருக்கு.

— ஞாயிற்றுக்கிழமை தேர், அண்ணை. இண்டைக்கு வெள்ளி.

— அது யாப்புக்குத் தெரியாது.

— பதினாலு வருசமாத் தேர் மாலை என்ரை கையாலைதான். கிரிஜாவைப் பாருங்கோ. வேலைக்கு லீவு போட்டிட்டு வந்து என்ரை குசினியிலை இருந்து நூல் பிரிச்சுக்கொண்டிருக்கிறா.

— ஆமா சார். எனக்கு முடிச்சு போடத் தெரியும், அவ்வளவுதான். எட்டடி மாலைய அக்கா இல்லாம யாராலயும் கட்ட முடியாது. தைப்பூசத்துக்கு அக்கா ஊர்ல இல்லாதப்ப கமிட்டியே ஒண்ணு கட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கார் பார்க் தாண்டறதுக்குள்ள அவுந்து விழுந்துடுச்சு.

— பிள்ளை, இது நிர்வாக விசயம். நீங்கள் நூலைப் பிரியுங்கோ.

— அண்ணை, ஒளிக்காமல் சொல்லுறன். அவர் செத்த பிறகு கிழமையிலை ஒரு நாள் என்னைத் தேடுற இடம் அந்தப் பூ அறை ஒண்டுதான். அதைப் பறிச்சா எனக்கு நோகும். என்ன குற்றம் எண்டாவது சொல்லுங்கோ. இதிலை "விரும்பத்தகாத திரவம்" எண்டு மட்டும் கிடக்கு.

— சொல்ல வாய் கூசுது. பூ அறைப் பிரிட்ஜிலை, தாமரை மொட்டுப் பெட்டிக்குப் பின்னாலை ஒரு போத்தல். பொன் நிறம். துணைத்தலைவர் அருந்தவன் பன்னீர் எண்டு நினைச்சுத் திறந்தவர். மூடி டொப் எண்டு கூரையிலை போய் அடிச்சிருக்கு. பன்னீர் அப்பிடிச் செய்யாது.

— செய்யாதுதான்.

— வீட்டிலை செய்த பூ வைன். அந்த அறைத் திறப்பு ரெண்டு பேரிட்டைத்தான் இருக்கு. ஒண்டு உங்களிட்டை. மற்றது என்ரை மனுசி சுஜீவாவிட்டை. சுஜீவாவின்ரை ஆசாரத்தைப் பற்றி முழுக் கிரவீன் ஊருக்கும் தெரியும். ஆனபடியால் நீங்கள்.

— விசாரணை அவ்வளவும்தானோ?

— சாட்சியும் இருக்கு. பெண்டில் ஹில் ரெயில்வே லைன் ஓரத்திலை ரெண்டு பொம்பிளையள் பையோடை நிண்டு மஞ்சள் பூப் பிடுங்கினதை எங்கடை சபைச் சுகிர்தன் கண்டவர். ஒரு ஆள் நீங்கள். மற்ற ஆள் பெரிய தொப்பி போட்டிருந்ததாம், முகம் தெரியேல்லையாம். நீங்கள் மறுக்கிறியளோ?

— நான் ஒண்டும் மறுக்கேல்லை.

— பள்ளிக்கூடத்திலை கெமிஸ்ட்ரி படிப்பிச்சனீங்கள், உங்களுக்கு இந்த வேலை கைவந்ததாத்தான் இருக்கும் எண்டு அருந்தவன் அப்பவே சொன்னவர்.

— சீனி, எலுமிச்சம்புளி, கொஞ்ச ஈஸ்ட், ரோட்டோரத்து மஞ்சள் பூ, வீட்டு ரோசா இதழ். சாடியிலை போட்டு ஆறு மாசம் சும்மா விட்டாச் சரி. இதுக்குக் கெமிஸ்ட்ரி தேவையில்லை அண்ணை, பொறுமைதான் தேவை. வீட்டுப் பாவிப்புக்குப் புளிக்க வைக்கிறது இந்த நாட்டிலை குற்றமும் இல்லை. உங்கடை வீட்டிலை தோசைமா புளிக்கிறேல்லையோ?

— தோசைமா கூரைக்கு மூடி எறியாது. ரோசா எண்டவுடனைதான் ஞாபகம் வருது. என்ரை முற்றத்து ரோசாவிலை ஒரு இதழ் மிஞ்சுறேல்லை. இரவிலை மரத்தாலை இறங்கி வாற பொசம் தின்னுது எண்டு சுஜீவா சொல்லுறா. கமராகூடப் பூட்டினனான். பூட்டின நாளிலையிருந்து பொசம் வாறேல்லை.

— அதுக்கு ஆரோ சொல்லியிருப்பினம்.

— சார், எனக்கு ஒரு டவுட். அது வைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— நேற்றுப் பின்னேரம் அவசரக் கூட்டம். ஏழு பேர். யாப்பின்படி, ஆதாரத்தைப் பரிசோதிக்காமல் ஆரையும் தண்டிக்கேலாது. ஆளுக்கு ஒரு மூடி.

— மீதி பாட்டில் எங்க சார்?

— அது ஆவியாப் போச்சு.

— ஏழு மூடியிலயா?

— முதல் சுற்றிலை ஒருமித்த கருத்து வரேல்லை. சுகிர்தன் பூச்சாறு எண்டார். அருந்தவன் மருந்து எண்டார். பொருளாளர் கருத்துச் சொல்ல இன்னும் கொஞ்சம் வேணும் எண்டார். ஆனபடியால் ரெண்டாஞ் சுற்று. கூட்டம் மூண்டு மணித்தியாலம் போச்சு.

— கடிச்சுக்கொள்ள ஒண்டும் இல்லாமலோ, அண்ணை?

— அருந்தவன் கச்சான் கொண்டுவந்தது தற்செயல்.

— நீங்களும் குடிச்சனீங்கள்.

— நான் என்ரை வாழ்நாளிலை மதுவைத் தொட்டதில்லை. அறுபத்தாறு வயசு. கொழும்பிலையும் தொடேல்லை, லண்டனிலையும் தொடேல்லை. தலைவர் எண்ட முறையிலை நுனிநாக்கிலை வைச்சுப் பாத்தனான்.

— எத்தினை தரம்?

— வாக்குச் சமமா வந்தாத் தலைவருக்கு மேலதிகமா ஒரு வாக்கு இருக்கு.

— ருசி எப்பிடி?

— உண்மையைச் சொன்னா எனக்கே ஒரு ஆச்சரியம். எங்கையோ பழகின ருசி. சுஜீவா படுக்க முதல் எனக்கு ஒரு சின்னக் கிளாசிலை பூக்கசாயம் தாறவ, பிரசருக்கு நல்லதாம். கிட்டத்தட்ட அந்த வாசம். குடிச்சாக் கை காலெல்லாம் லேசாகி ஒரு நித்திரை வரும் பாருங்கோ. ஆனா அது சுத்தமான மூலிகை. உங்கடை சாமான் மாதிரி இல்லை.

— தினமுமா குடிக்கிறீங்க சார்?

— அஞ்சு வருசமா. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினாலும் அதை விடுறேல்லை. மூலிகைதானே.

— கிரிஜா, என்னைப் பாக்காதை. நூலைப் பார், சிக்குப்படுது.

— சரி, விசயத்துக்கு வாறன். இறுதி அறிக்கை எழுத இன்னொரு போத்தல் வேணும் எண்டு சபை கேட்டிருக்கு. ஆதாரத்துக்கு.

— ரெண்டு தந்தா?

— அறிக்கை இன்னும் தெளிவா வரும்.

— தெளிவு எண்டு நீங்களே சொன்னபடியால் கேக்கிறன். அந்த வைன் கண்ணாடி மாதிரித் தெளிவா இருந்ததோ?

— இருந்தது. பொருளாளர் வெளிச்சத்திலை பிடிச்சுப் பிடிச்சு அதைத்தான் சொன்னவர்.

— பூ வைன் தன்பாட்டிலை தெளியக் கனநாள் செல்லும். அதுமட்டும் அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கும். பொறுக்கேலாதவை ஒரு தூள் போடுவினம். அது கசண்டையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியிலை போய்ப் படுத்திடும்.

— என்ன தூள்?

— மீன்ரை காத்துப்பை. மீனை வெட்டேக்கை வயித்துக்குள்ளை வெள்ளையா ஊதிக்கொண்டு இருக்குமே, அது. காயவைச்சு அரைச்சு, சின்னப் பைக்கற்றிலை போட்டு விக்கிறவை.

— மிருணாளினி.

— ஓம், அண்ணை.

— அந்தக் கதிரையை ஒருக்கா இஞ்சாலை இழுத்துவிடுங்கோ.

— கிரிஜா, அண்ணைக்குத் தண்ணி குடு.

— கொடியேறி எட்டு நாள். என்ரை கையிலை காப்பு. ஏழு பேரின்ரை கையிலையும் காப்பு. முட்டை பொரிக்கிற சட்டியைக்கூடக் கராஜிலை கொண்டுபோய் வைச்சிட்டல்லோ விரதம் இருக்கிறம்.

— தண்ணி சார். அப்ப வைன் குடிச்சது பரவாயில்லையா?

— பிள்ளை, அது பூ. பூ சைவம்.

— ஓகே சார்.

— மதுவைப் பற்றி ரெண்டு கருத்து இருக்கலாம். மீனைப் பற்றி ஒரு கருத்துத்தான். இது வெளியிலை தெரிஞ்சா ஏழு பேரும் தேர் வடத்தைத் தொடேலாது. ஐயர் என்னைக் கொடிமரத்துக்கு அங்காலை விடமாட்டார். பரிவட்டம் இந்த முறை எனக்குத்தான் கட்டுறதா இருந்தது, மிருணாளினி. போட்டோக்காரனுக்கும் சொல்லி வைச்சிட்டன்.

— வெளியிலை எப்பிடித் தெரியும்?

— நீங்கள் சொன்னா.

— நான் ஏன் சொல்லப் போறன்? ஆனா தேரிலை என்ரை மாலை இல்லாட்டிச் சனம் ஏன் எண்டு கேக்கும். கேட்டா விசாரணை அறிக்கையைப் பொதுச்சபையிலை வாசிக்கவேணும். அப்பிடி யாப்பிலை இருக்கு என்ன?

— பத்தொன்பதாம் பிரிவு. நான்தான் எழுதினனான்.

— வாசிச்சா, ஆர் பரிசோதிச்சது, எத்தினை சுற்று, அதுக்குள்ளை என்ன கிடந்தது எண்டெல்லாம் வரும்.

— கூட்டக் குறிப்பிலை "திரவம் ஒன்று பரிசீலிக்கப்பட்டது" எண்டுதான் இருக்கு.

— "திருப்தியாக" எண்டு ஒரு சொல்லையும் சேத்துவிடுங்கோ.

— அந்தக் கடிதத்தை இஞ்சை தாங்கோ.

— கிழிக்கிறியளோ, அண்ணை?

— எந்தக் கடிதம்? நான் தேர் மாலையைப் பற்றிக் கதைக்க வந்தனான். ஞாயிறு காலமை ஆறு மணிக்கு எட்டடி மாலை தேரிலை இருக்கவேணும்.

— இருக்கும்.

— மற்றப் போத்தல்?

— எந்தப் போத்தல், அண்ணை?

— சரி, சரி. எனக்கு இனி என்ன பரிகாரம் எண்டுதான் தெரியேல்லை. வீட்டை போய் முழுகிப்போட்டு, இண்டைக்கு அந்தக் கசாயத்தை ரெண்டு கிளாசாக் கேட்டுக் குடிக்கப் போறன். வயித்துக்குள்ளை கிடக்கிற பாவத்தை அதாவது கழுவட்டும். போட்டு வாறன்.

— ஓம் அண்ணை. கேற்றைச் சாத்திப்போட்டுப் போங்கோ.

— அக்கா, கார் போயிடுச்சு. இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. வாரம் தவறாம இங்க வர்றேன். இந்த வீட்ல ஒரு ஜாடிகூட நான் பார்த்ததில்ல. எதுக்குப் பழியைத் தலையில வாங்கிக்கிட்டீங்க? அந்த மீன் கதையும் சும்மா எடுத்து விட்டதுதானே?

— என்ரை போனை எடு கிரிஜா, கையெல்லாம் ஈரம். கடைசியாக் கதைச்ச நம்பரை அமத்தி என்ரை காதிலை பிடி.

— ரிங் போகுதுக்கா. எடுத்துட்டாங்க.

— சுஜீவா, உன்ரை மனுசன் வெளிக்கிட்டிட்டார், கராஜிலை இருக்கிற சாடியளை மூடிவிடு. என்ரை மாலை தப்பிச்சுது, நீயும் தப்பினாய். இரவுக்கு ரெண்டு கிளாஸ் கேப்பார், பாவம், காப்பு அவிழ்க்குமட்டும் மீன் போடாத சாடியிலை இருந்து ஊத்திக் குடு.